பாட்டுப் பெட்டியின் மறைவு: உற்றார் உறவினர் கவனத்துக்கு

தோற்றம்: 1998, தென் கொரியா. மறைவு: 2022 மே 10, கலிஃபோர்னியா. கையடக்க எம்பி3 பிளேயருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தால் இந்த இரண்டு தேதிகளைத்தான் போட வேண்டியிருக்கும். முதலாவது, சேஹான் என்ற கொரிய நிறுவனம் எம்பிமேன் எஃப்10 கருவியைக் கடைக்கு அனுப்பிய ஆண்டு. இரண்டாவது, ஐபாட் டச் இனிமேல் வராது, கையிருப்பு தீரும்வரை விற்போம் என்று ஆப்பிள் அறிவித்த நாள். பத்திரிகைகள் அன்றைக்கே இரங்கல் எழுதி முடித்துவிட்டன.

பெங்களூரு ஈஜிபுராவில் அந்தச் சாவு அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. இங்கே அது விண்டோஸ் பதிப்புக்குப் பதிப்பு, தவணை முறையில் செத்தது. இதில் கொடுமை என்னவென்றால் பெரும்பாலான கருவிகளுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. பட்டனை அமுக்கினால் பாடும், இயர்போனில் இடது வலது இரண்டும் கேட்கும். புதிதாக வாங்கிய கணினியில் செருகும்போதுதான் கணினி முழிக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கலாம், புதுப் பாட்டு ஏறாது. ரகுமான் படம் ஒன்று வந்து பாட்டெல்லாம் ஊரே முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, போன வருஷத்துப் பாட்டையே பாடும் பெட்டியை எத்தனை நாள் பையில் சுமப்பது? மேசை டிராயருக்குப் போகும். அங்கே கிடந்து பேட்டரி உப்பும். மரணச் சான்றிதழில் காரணம் எழுதச் சொன்னால் நான் பேட்டரி என்று எழுத மாட்டேன். அது சொந்தபந்தத்தால் செத்தது. எந்தப் பிளேயருக்குக் கணினியோடு உறவு நெருக்கமோ அது முதலில் போனது. ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஈஜிபுரா தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் கோரமங்களா, இன்னொரு பக்கம் விவேக்நகர். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் அடுக்குமாடிகள் கூப்பிடு தூரம். காய்கறி வண்டிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் தமிழிலேயே பேரம் பேசலாம். விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் தமிழில் பூசை உண்டு. ஐடி கம்பெனிகளுக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பி.ஜி.க்களில் மூன்று பேருக்கு ஓர் அறை என்று அடைந்துகிடக்கும் பேட்டை. 2017-ல் தொடங்கிய மேம்பாலம் வருஷக்கணக்காக வெறும் தூண்களாக நின்றதால் நாடு முழுக்கப் பேர் வாங்கியதும் இதே இடம்தான். இரங்கல் எழுத இங்கே கனமான சங்கதிகள் உண்டு என்பதும் தெரியும். 2013 ஜனவரியில் ஏழைகளுக்கான குடியிருப்பு ஒன்றை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தெருவுக்குத் துரத்திவிட்டு இடித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பாட்டுப் பெட்டி என்ன பெரிய சாவு? சின்னச் சாவுக்கும் நாலு பேர் போய் நிற்பது நம் வழக்கம். அவ்வளவுதான்.

சந்துக்குள் ஒரு கடை இருந்தது. ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, கூடவே அட்டையில் கையால் எழுதிய ‘பாட்டு ஏத்தித் தரப்படும்’. கடைக்காரர் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தை 2001-ல் மூடியபிறகு பிழைப்புக்குப் பெங்களூரு வந்த எத்தனையோ தமிழர்களில் ஒருவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கடையில் கூட்டம் நிற்கும். ராத்திரி மடிவாளாவில் சேலத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுவதற்குமுன் பாட்டு ஏற்றிக்கொண்டு போக வேண்டும் அல்லவா. அவருடைய கணினியில் பாட்டுகள் படவாரியாக இருக்காது. ‘அம்மா பாட்டு’, ‘கானா’, ‘ராஜா சோகம்’, ‘ராஜா மழை’, ‘பஸ்’ என்று ஃபோல்டர்கள். ‘பஸ்’ ஃபோல்டரில் என்ன இருக்கும் என்று தமிழ்நாட்டுத் தனியார் பஸ்ஸில் ஒருமுறை போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம் அவரிடம்தான் கற்றேன். மலிவான பிளேயர்கள் பாட்டை அகரவரிசையில் பாடாது. எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். நினைவகத்தின் அட்டவணையில் கோப்பு பதிவான வரிசையை அப்படியே படித்துக்கொண்டு போகும் சோம்பேறி மென்பொருள் அது. வாடிக்கையாளர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பிள்ளையார் பாட்டு முதலில் வர வேண்டும், அல்லது வேளாங்கண்ணி மாதா பாட்டு முதலில் வர வேண்டும் என்பார்கள். அவரும் மொத்தமாக இழுத்துப் போடாமல், அந்த ஒரு பாட்டை மட்டும் தனியாக ஏற்றிவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவார். நடுவில் ஒரு பாட்டைச் சேர்க்கச் சொன்னால் கோபம் வரும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டுமே.

திரையில் பாட்டின் பெயர் தமிழில் வராது. ஆங்கில எழுத்தில் எழுதினால் வரும், தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். பழைய எம்பி3 கோப்பில் பாட்டின் தலைப்புக்கு ஒதுக்கிய இடமே 30 எழுத்துகள். திருட்டுத்தனமாகப் பாட்டு ஏற்றிய தளங்கள் தங்கள் பெயரை முன்னும் பின்னும் ஒட்டிவிடும். பாடியவர், எழுதியவர் பெயரெல்லாம் போய், திரையில் திருடனின் விலாசம் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி சொந்தபந்தக் கதைக்கு வருகிறேன். ஆரம்பகால எம்பிமேனும், அதே 1998-ல் அமெரிக்காவில் வந்த ரியோ பிஎம்பி300-ம் கணினியின் பிரிண்டர் துளையில்தான் செருகப்பட்டன. உள்ளே 32 எம்பி நினைவகம். அரை மணி நேரப் பாட்டு. அந்த அரை மணி நேரத்துக்கே பயந்துபோன அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் ரியோவை நீதிமன்றத்துக்கு இழுத்தன, 1999-ல் மேல்முறையீட்டிலும் தோற்றன. வழக்கில் பிழைத்த கருவியால் கணினியிடம் பிழைக்க முடியவில்லை. சில வருஷத்தில் மடிக்கணினிகளில் அந்தப் பிரிண்டர் துளையே காணாமல் போனது.

அடுத்து யுஎஸ்பி. பென்டிரைவ் வடிவத்தில் மூடியோடு வந்த சீனப் பிளேயர்களை விண்டோஸ் மீ, 2000, எக்ஸ்பி எல்லாம் இன்னொரு டிஸ்க் என்றே எடுத்துக்கொண்டன. ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்று பெயர். விண்டோஸ் 98-க்கு மட்டும் அது தெரியாது. அதற்காக அட்டைப்பெட்டிக்குள் உள்ளங்கையளவு ஒரு குட்டி சிடி வைத்திருப்பார்கள், கருவியைக் கணினிக்கு அறிமுகம் செய்துவைக்கும் ‘டிரைவர்’ என்ற நிரல் அதில் இருக்கும். பிரவுசிங் சென்டர்களில் அப்போதும் 98-தான் ஓடும். அந்தக் குட்டி சிடியைத் தொலைத்தவன் பாட்டையும் தொலைத்தான். பெரிய சிடி டிராயரின் நடுக்குழியில் அதை உட்கார வைக்க வேண்டும் என்பது தெரியாமல் ஓரத்தில் வைத்து மூடி, கறகறவென்று சத்தம் கேட்டு ஓடியவர்கள் உண்டு.

அந்தச் சாதாரண டிஸ்க் உறவோடு நிறுத்தியிருந்தால் இந்த இரங்கலுக்கே வேலையிருந்திருக்காது. பெரிய கம்பெனிகளுக்கு அது போதவில்லை. பாட்டுக்குப் பூட்டுப் போட வேண்டும், பிளேயருக்கென்று தனி மென்பொருள் வேண்டும், அது வழியாக மட்டுமே பாட்டு ஏற வேண்டும். சோனி வேர்ல்டு சிக்னல் என்று கோரமங்களாவிலிருந்து ஈஜிபுரா வரும் வழியில் ஒரு சந்திப்பு இருக்கிறது, சோனி கடையால் வந்த பெயர். 1979-ல் வாக்மேன் கொண்டுவந்து உலகத்தின் காதில் இயர்போன் மாட்டிய அதே சோனி, 2004-ல் என்டபிள்யூ-எச்டி1 என்ற பிளேயரை விட்டது. அது எம்பி3-ஐ நேரடியாகப் பாடாது. சோனிக் ஸ்டேஜ் என்ற மென்பொருளில் போட்டு, ஏட்ராக் என்ற சொந்த வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற முடியும். உலகம் முழுக்க எம்பி3 என்று அலைந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பிடிவாதம். பிறகு இறங்கிவந்தார்கள், அதற்குள் ஐபாட் தெருவைப் பிடித்துவிட்டது. ஒரு நிறுவனம் தன் பெயரை ஒரு சிக்னலுக்குக் கொடுத்துவிட்டுச் சந்தையைப் பறிகொடுத்ததற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2007 ஜனவரி 30-ல் விண்டோஸ் விஸ்டா வந்தது. ஈஜிபுரா கடைக்கு அதுதான் பிளேக் வருஷம். ஐடியூன்ஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இப்போது விஸ்டாவுக்கு மாறாதீர்கள் என்று ஆப்பிளே அறிவித்தது. விஸ்டாவில் ஐபாடைப் பாதுகாப்பாகக் கழற்றுவதற்கென்று திரையின் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்திக் கழற்றினால் ஐபாடின் உள்ளடக்கம் கெட்டுப்போக வாய்ப்பிருந்தது. அதாவது ஒழுங்காகக் கழற்றியவனுக்குத்தான் தண்டனை. மார்ச்சில் ஐடியூன்ஸ் 7.1 வந்துதான் நிலைமை கொஞ்சம் சீரானது. ஆப்பிளுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் பங்காளிச் சண்டை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் அர்த்தமில்லை. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டே விட்ட சூன் பிளேயரும், வந்த நாளில் மைக்ரோசாஃப்டின் விஸ்டாவோடு பேசவில்லை. டிசம்பரில்தான் திருத்தினார்கள். பெற்ற பிள்ளைக்கே அந்தக் கதி. சூன் இந்தியாவுக்கு வரவேயில்லை என்பதால் நமக்கு ஒரு தலைவலி மிச்சம்.

அந்த வருஷங்களில் கடைக்காரர் நோயாளியின் நாடி பிடிப்பதற்குமுன் இரண்டு கேள்வி கேட்பார்.

“அண்ணா, புது லேப்டாப்புல இது வரவே மாட்டேங்குது.”

“விஸ்டாவா தம்பி?”

“ஆமாண்ணா.”

“முப்பத்திரெண்டா, அறுபத்திநாலா?”

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் குறைவு. 64 பிட் என்று தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார். காரணம் உண்டு. 64 பிட் விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரு விதி கொண்டுவந்தது: கணினியின் அடிமட்டத்தில் ஓடும் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து இருந்தாக வேண்டும். வைரஸ்கள் டிரைவர் வேஷம் போட்டு நுழைவதைத் தடுக்க வந்த விதி, நியாயமான விதி. ஆனால் பழைய பிளேயருக்கு 2003-ல் டிரைவர் எழுதிய கம்பெனி, 2007-ல் அதே பிளேயருக்கு மறுபடி உட்கார்ந்து 64 பிட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித் தருமா? புதுசு வாங்கிக்கோ என்று சொல்லும். என்னுடைய பிளேயருக்கும் அதுதான் நடந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ‘அன்நோன் டிவைஸ்’, பக்கத்தில் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி. கடைக்காரர் கணினியை மறுபடி ஆன் செய்யும்போது எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டேயிருந்து, கையெழுத்துச் சோதனையை நிறுத்திவைக்கும் வழியில் உள்ளே போனார். ‘ஹேவ் டிஸ்க்’ அழுத்தி, எக்ஸ்பி காலத்து டிரைவரைக் காட்டினார். வேலைக்காகவில்லை. பழைய டிரைவர் 32 பிட், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. கையெழுத்துச் சிக்கலைத் தாண்டினாலும் அந்தச் சிக்கலுக்கு மருந்து கிடையாது. “ஒரு எக்ஸ்பி மிஷினைத் தூக்கிப் போடாம வெச்சிரு தம்பி, இதுக்காகவே” என்றார். அவரே கடையின் மூலையில் அப்படி ஒரு எக்ஸ்பி பெட்டியை, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வைத்திருந்தார்.

இது நடந்த ஊர் பெங்களூரு என்பதை மறந்துவிட வேண்டாம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே இங்கே கடை விரித்தது. அங்கிருந்து வெளியேறியவர்கள் 2001-ல் தொடங்கிய இட்டியம், ஒலியையும் படத்தையும் சுருக்கி விரிக்கும் நிரல்களை உலகத்துக்கு விற்றது. ஐபாடின் மூளையான சில்லைச் செய்த போர்ட்டல்பிளேயர் நிறுவனத்துக்கு ஐதராபாத்தில் பொறியாளர் கூட்டமே இருந்தது. ஊருக்கெல்லாம் டிரைவர் எழுதிய பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கள் பிளேயருக்கு டிரைவர் கேட்டு ஈஜிபுரா சந்தில் வரிசையில் நின்றார்கள்.

ஐபாட்காரர்களின் துக்கம் வேறு மாதிரி. ஐபாட் ஒரு கணினியின் ஒரு ஐடியூன்ஸோடு மட்டும்தான் குடும்பம் நடத்தும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலோ, புதுக் கணினி வாங்கினாலோ, இது வேறொரு நூலகத்தோடு இணைந்தது, அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றட்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தியவர்கள், பல வருஷம் சேர்த்த பாட்டை ஒரு நொடியில் தாரைவார்த்தார்கள். பாட்டு வெளியே வராது என்பதும் ஒரு கட்டுக்கதைதான். ஐபாடுக்குள் மறைந்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னால், எஃப்00, எஃப்01 என்று வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பாட்டுகள் நாலெழுத்துக் கிறுக்குப் பெயர்களோடு கலைந்துகிடக்கும். எஸ்.பி.பி.யும் ஜானகியும் சேர்ந்து பாடியது எந்த அறையில் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கோப்புக்குள்ளே படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் பத்திரமாக இருக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, ஒரு மென்பொருளில் கொடுத்து, பெயர்களை மீட்டுத் தருவார். அதற்கு அவர் வாங்கிய காசு நியாயமான காசு.

2004-லிருந்தே மைக்ரோசாஃப்ட் ஒரு சமாதானத்துக்கு முயன்றது. எம்டிபி என்று ஒரு பொதுப் பேச்சுமொழி. கணினி பிளேயரின் நினைவகத்தில் நேரடியாகக் கைவைக்காது. இந்தப் பாட்டைக் கொடு, இதை வைத்துக்கொள் என்று கேட்கும், பிளேயர் தானே செய்யும். 2008-ல் அது யுஎஸ்பி அமைப்பின் தரநிலையாகவும் ஆனது. இனி தனித்தனி டிரைவர் வேண்டாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆண்ட்ராய்டு போன்கள் இன்றைக்கும் அதைத்தான் பேசுகின்றன. ஆனால் 2017 மார்ச்சில் விண்டோஸ் அப்டேட் வழியாக எம்டிபிக்கான ஒரு டிரைவர் தவறுதலாகப் போய், நன்றாக இருந்த கருவிகளைக்கூடக் கணினிகள் அடையாளம் காணாமல் நின்றன. அனுப்பியதை மைக்ரோசாஃப்ட் திரும்பப் பெற்றது. பொதுவாகப் பேசிக்கொள்ள வைத்தால் பொதுவாகவே ஊமையாகவும் ஆக முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஜியோ பற்றி எழுதாவிட்டால் கட்டுரை முழுமையாகாது என்பார்கள். 2016 செப்டம்பரில் வந்தது, டேட்டா மலிந்தது, பாட்டு போனுக்குள் வானத்திலிருந்து இறங்கியது. இதை எல்லோரும் எழுதியாயிற்று. என் கணக்கில் ஜியோ செய்தது கொலை இல்லை. சாகக் கிடந்ததற்குப் பால் ஊற்றியது, அவ்வளவே. அதற்கு அடுத்த வருஷம் சரிகம நிறுவனம் கார்வான் என்று 5,000 பாட்டை உள்ளேயே அடைத்து, பழைய ரேடியோ மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தபோது, பெரியவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். தமிழிலும் வந்தது. திருகினால் பாடும், கணினி வேண்டாம், டிரைவர் வேண்டாம். பென்டிரைவ் செருக ஒரு துளை இருந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மேல்தட்டில் சாவு இன்னும் முடிந்தபாடில்லை. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் ஐடியூன்ஸே கலைக்கப்பட்டது. ஐபாட் வைத்திருந்தவர்கள் ஃபைண்டரில் போய்த் தேட வேண்டியதாயிற்று. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவு நீங்கியது. 2001 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டிய 5 ஜிபி ஐபாடுக்கு ஃபயர்வயர் ஒன்றுதான் வழி. அது இனி ஆப்பிளின் புதுக் கணினியோடு பேச முடியாது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளோடு எத்தனை பிளேயர்கள் உடன்கட்டை ஏறினவோ.

பெயரில்லாத சீனப் பிளேயர் மட்டும் சாகவில்லை. பெங்களூருவின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில், சட்டையில் குத்திக்கொள்ளும் கிளிப்போடு, மெமரி கார்டு போடும் துளையோடு இப்போதும் கிடைக்கிறது. விண்டோஸ் 11-ல் செருகினாலும், லினக்ஸில் செருகினாலும், மேக்கில் செருகினாலும் ஒரு டிஸ்க்காக வந்து உட்காரும். அதற்கு மென்பொருள் கிடையாது, கம்பெனிக்கு முகவரி கிடையாது, உறவு கொண்டாட யாரும் கிடையாது. ஒலி சுமார்தான், வடிவம் ஐபாட் ஷஃபிளைப் பார்த்து அடித்த காப்பி. எனக்கு அதன்மீது மரியாதை கிடையாது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது.

டிராயரில் யாரிடமாவது எம்டிபி வகைப் பிளேயர் இன்னும் கிடந்தால், பேட்டரி உப்பாமல் இருந்தால், காரியம் செய்வதற்குமுன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போட்டிருப்பதன்மேல் வலது கிளிக், டிரைவரைப் புதுப்பி, என் கணினியிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன். அந்தப் பட்டியலில் ‘எம்டிபி யுஎஸ்பி டிவைஸ்’ என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் எழுந்து உட்காரும். உட்காரவில்லை என்றால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். இப்போது வரும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், பாட்டு போக உள்ளே கம்பியே இருக்காது.